பண்ணைக் குட்டையில் விராலைப் பிடிக்கச் சுழல் தகட்டுத் தூண்டில்

மானாவாரி நிலத்தில் பண்ணைக் குட்டை வெட்டுவதன் முதல் நோக்கம் மழை நீரைச் சேமித்து, பயிர் வாடும் தருணத்தில் ஓரிரு முறை பாசனம் செய்வதாகும். குட்டையில் நீர் நிற்கும் ஆறேழு மாதங்களில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்களை வளர்த்து உபரி வருமானம் பெறலாம் என்பதை இன்று பெரும்பாலான உழவர் பெருமக்கள் அறிவர். ஆனால், குஞ்சு விட்ட பலரும் அறுவடையின்போது ஏமாற்றம் அடைகின்றனர். விட்ட கணக்குக்கும் வலையில் வந்த கணக்குக்கும் பொருத்தம் இருப்பதில்லை. தீனி போதவில்லை, நோய் தாக்கிவிட்டது, இரவில் யாரோ வலை வீசிவிட்டனர் என்று பல காரணங்கள் சொல்லப்படும். பல குட்டைகளில் உண்மைக் காரணம் நீருக்குள்ளேயே இருக்கும். அது விரால் மீனாகும்.

உழவியல் பயிற்றுவிக்கும் நான் தூண்டிலைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு என் மைத்துனரின் 10 சென்ட் குட்டையே காரணம். குட்டையை வெட்டச் சொன்னதும், அதில் மீன் விடச் சொன்னதும் நானே. நீர் வரும் வாய்க்காலில் வலை கட்டச் சொல்ல மறந்ததும் நானே. ஐப்பசியில் அவர் 400 குஞ்சுகளை விட்டார். பங்குனியில் நீர் குறைந்ததும் வலை இழுத்தபோது கிடைத்த கெண்டைகள் 60-க்கும் குறைவு. எஞ்சிய நீரை இறைத்துப் பார்த்தபோது சேற்றிலிருந்து 5 விரால்கள் வெளிப்பட்டன. "மாமா, குஞ்சு வாங்கிய பணமும் தவிட்டுப் பணமும் இதன் வயிற்றில்தான் இருக்கிறது" என்றார் அவர். மறு ஆண்டு விராலை மட்டும் பிரித்தெடுக்கும் வழியைத் தேடியபோது அறிந்துகொண்டவையே இக்கட்டுரையில் கூறப்படுகின்றன.

விரால் குட்டைக்குள் வருவது எப்படி?

விரால் ஓர் ஊனுண்ணி மீன். சிறு மீன்கள், தவளைகள், தலைப்பிரட்டைகள், இறால், பூச்சிகள் ஆகியவை அதன் உணவாகும். செவுளால் நீரில் கரைந்த உயிர்வளியைச் சுவாசிப்பதுடன், அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் நேரடியாகச் சுவாசிக்கக் கூடியது. இதற்கென அதன் தலையில், செவுளுக்கு மேலே தனி அறை அமைந்துள்ளது. எனவே, ஈரம் காயாதவரை நீருக்கு வெளியிலும் நெடுநேரம் உயிருடன் இருக்கும். மழைக் காலத்தில் ஈர நிலத்தின் மீது நெளிந்து நகர்ந்து ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். வாய்க்கால் நீருடன் சிறு குஞ்சாகவும் வந்து சேரும்.

குஞ்சு விடுவதற்கு முன்பாக இருந்தால் விராலை ஒழிப்பது எளிது. குட்டையை முற்றிலும் வற்றவைத்து, வெடிக்கும்வரை காயவிடலாம். வற்றவைக்க இயலாத குட்டையில், ஒரு எக்டேர் பரப்பில் 1 மீட்டர் ஆழ நீருக்கு 2,000 முதல் 2,500 கிலோ வரை இலுப்பைப் புண்ணாக்கு இடுவது வழக்கம். 1 மீட்டர் ஆழமுள்ள 10 சென்ட் குட்டைக்கு இது 80 முதல் 100 கிலோ வரை ஆகும். புண்ணாக்கிலுள்ள நச்சின் வீரியம் அடங்க 2 முதல் 3 வாரங்கள் ஆகும். அதன் பின்னரே குஞ்சு விட வேண்டும்.

குஞ்சு விட்ட பிறகு விரால் நுழைந்துவிட்டால் இவ்விரு வழிகளும் அடைபட்டுவிடுகின்றன. நீரை இறைத்தால் பாசனத்துக்கு நீர் இல்லை; புண்ணாக்கு இட்டால் கெண்டையும் சேர்ந்து மடியும். அடிக்கடி வலை இழுத்தால் கெண்டைகள் காயமடையும். விராலோ வலை வரும் ஓசை கேட்டதும் சேற்றில் புதைந்துகொள்ளும், அல்லது வலையைத் தாண்டிக் குதித்துவிடும்.

தூண்டிலின் தனிச் சிறப்பு

இந்நிலையில் கைகொடுப்பது தூண்டிலேயாகும். ஆனால் மண்புழு கோத்த தூண்டில் இதற்கு ஏற்றதன்று. மண்புழுவை மிர்கால், ரோகு, ஜிலேபிக் கெண்டை ஆகியவையும் விழுங்கும். எவற்றைக் காப்பாற்ற முயல்கிறோமோ அவையே முள்ளில் மாட்டும்.

கட்லா நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து உண்பது. ரோகு நடு நீரில் பாசியும் தாவர மட்கும் உண்பது. மிர்கால் அடிமட்டத்து மட்கை உண்பது. இவை மூன்றும் ஓடும் இரையைத் துரத்திப் பிடிப்பவை அல்ல. விராலோ துரத்திப் பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டது. எனவே, சிறு மீன் ஓடுவதுபோல் நீரில் ஓடும் உலோகத் தகடு ஒன்றை இழுத்தால் அதைத் துரத்துவது பெரும்பாலும் விராலும் அதன் இனத்தைச் சேர்ந்த கொரவையுமே ஆகும். கெண்டை அதில் மாட்டுவது அரிது. களைக்கொல்லி பயிரை விட்டுக் களையை மட்டும் அழிப்பதுபோல, இந்த இரை நாம் வளர்க்கும் மீனை விட்டு, அதைத் தின்னும் மீனை மட்டும் தேர்ந்தெடுக்கிறது.

சுழல் தகட்டு இரை என்பது யாது?

இது ஸ்பின்னர்பெய்ட் என்ற பெயரில் தூண்டில் சாமான் கடைகளில் கிடைக்கிறது. வட அமெரிக்காவில் பாஸ் என்னும் மீனைப் பிடிக்கப் பெருமளவில் பயன்படுவது. அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் நகரில் 1930-களில் பண்ணைக் குட்டை மீன் வளர்ப்பு ஆய்வைத் தொடங்கிய ஹோமர் ஸ்விங்கிள் என்னும் அறிஞர், புளூகில் என்ற சிறு மீனையும் அதை உண்ணும் பாஸ் மீனையும் ஒரே குட்டையில் சேர்த்து வளர்க்கும் முறையை உருவாக்கினார். அங்கே ஊனுண்ணி மீன் வேண்டியே விடப்படுகிறது; சிறு மீன் அளவுக்கு மீறிப் பெருகாமல் அது காக்கிறது. நம் கெண்டைக் குட்டையில் ஊனுண்ணி மீன் வேண்டாத விருந்தாளி. ஆயினும் பாஸ், விரால் ஆகிய இரண்டும் ஒரே விதமாகவே வேட்டையாடுகின்றன. களைச்செடி, வேர், கரையோர நிழல் ஆகியவற்றில் மறைந்திருந்து, அருகில் வருவதன் மீது திடீரெனப் பாய்கின்றன. அதனால்தான் பாஸ் மீனுக்கென அமைந்த இரை விராலுக்கும் பொருந்துகிறது.

இதன் உருவத்தை எளிதில் மனத்தில் கொள்ளலாம். சட்டைக்குக் குத்தும் ஊக்கைத் திறந்து பக்கவாட்டில் படுக்க வைத்தாற்போல், ஒரு கம்பி இரு கரங்களாக வளைக்கப்பட்டிருக்கும். கீழ்க்கரத்தின் முனையில் ஈயத் தலையும், அதனோடு இணைந்த முள்ளும் இருக்கும். முள்ளின் நுனி மேல்நோக்கி இருக்கும். முள்ளை மறைத்து ரப்பர் அல்லது சிலிக்கோன் இழைகளாலான குஞ்சம் தொங்கும். மேற்கரத்தின் முனையில் சிறு சுழலி ஒன்றும், அதில் கரண்டிபோல் குழிந்த தகடும் மாட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் இரு தகடுகள் இருக்கும். இரு கரங்களும் சேரும் வளைவில் நரம்பைக் கட்ட வேண்டும்.

இழுக்கும்போது நீரின் அழுத்தத்தால் தகடு சுழல்கிறது. சுழலும் தகடு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, வெயில் பட்டு மின்னுவது. இது சிறு மீனின் செதில் மின்னுவதுபோல் தோன்றும். மற்றொன்று, நீரில் அதிர்வை எழுப்புவது. மீனின் உடலில் இரு புறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வு உறுப்பு இந்த அதிர்வை உணரும். கலங்கல் நீரில் கண்ணுக்குத் தெரியாத இரையையும் விரால் கண்டுகொள்வது இவ்வுறுப்பின் உதவியாலேயாகும். ஈயத் தலை கீழே இருப்பதால் இரை கவிழாமல் நிமிர்ந்தே செல்கிறது. மேற்கரம் முள்ளுக்கு முன்னே சென்று செடிகொடிகளை ஒதுக்கிவிடுவதால் முள் எளிதில் சிக்குவதில்லை.

தகட்டைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் பல வண்ணங்களிலும் வடிவங்களிலும் இவ்விரை தொங்குவதைக் காணலாம். அழகைப் பார்த்து வாங்குவது தவறு. முதலில் பார்க்க வேண்டியது தகட்டின் வடிவமே. முக்கியமாக மூன்று வடிவங்கள் உள்ளன.

1. வட்டத் தகடு. இதற்குக் கொலராடோ தகடு என்று பெயர். நாணயம்போல் ஏறக்குறைய வட்டமாகவும் நன்கு குழிந்தும் இருக்கும். அகன்று சுழல்வதால் அதிர்வு மிகுதி; மின்னுவது குறைவு. நீரை அதிகம் தள்ளுவதால் இரையை மேலே தூக்கும். எனவே மெதுவாக இழுத்தாலும் அடியில் படியாது. கலங்கல் நீர், அந்தி நேரம், மேகமூட்டம் ஆகியவற்றுக்கு ஏற்றது.

2. இலைத் தகடு. இதற்கு வில்லோ இலைத் தகடு என்று பெயர். அரளி இலைபோல் நீண்டு ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய வட்டத்தில் வேகமாகச் சுழலும். மின்னுவது மிகுதி, அதிர்வு குறைவு. தெளிந்த நீருக்கும் நல்ல வெயிலுக்கும் ஏற்றது. ஒடுங்கியிருப்பதால் பாசி, தாமரைத் தண்டு ஆகியவற்றின் இடையே எளிதில் நுழைந்து வரும்.

3. துளித் தகடு. இதற்கு இந்தியானா தகடு என்று பெயர். நீர்த்துளிபோல் ஒரு முனை கூர்ந்து மறுமுனை உருண்டிருக்கும். முன்னிரண்டுக்கும் இடைப்பட்ட தன்மையுடையது. நீர் ஓரளவு கலங்கிப் பச்சையாக இருக்கும் குட்டைக்கு ஏற்றது.

பண்ணைக் குட்டை நீர் பெரும்பாலும் தெளிந்திருப்பதில்லை. மழை நாட்களில் செம்மண் கலங்கல். மற்ற நாட்களில், சாணம் இட்டு வளர்த்த நுண்பாசியால் பச்சை நிறம். ஆகவே ஒன்றே ஒன்று வாங்கும் உழவர் வட்டத் தகட்டையே வாங்குதல் நலம்.

இதைப் பட்டறிந்தே கூறுகிறேன். நான் முதலில் வாங்கிச் சென்றது 14 கிராம் எடையுள்ள, வெள்ளிபோல் பளபளத்த இலைத் தகட்டு இரை. மைத்துனரின் குட்டையோ செம்மண் கலங்கல். மூன்று மாலைகள் வீசியும் விரால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெதுவாக இழுத்தால் இரை சேற்றில் படிந்தது. வேகமாக இழுத்தால் கலங்கலில் அது இருக்கும் இடமே மீனுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் 7 கிராம் எடையும் பித்தளை நிற வட்டத் தகடும் கொண்ட இரையைப் போட்டோம். அரை மணி நேரத்துக்குள் வாய்க்கால் வாயில் முதல் விரால் பிடிபட்டது. அந்தப் பருவத்தில் மொத்தம் 4 விரால்களை எடுத்தோம். குட்டையும் அதே, விராலும் அதே; மாறியவை தகடும் எடையுமே.

எடையும் நிறமும்

எடை நீரின் ஆழத்தைப் பொறுத்தது. கடையில் கிடைக்கும் இரைகள் பெரும்பாலும் 7, 10, 14 கிராம் எடையுள்ளவை. 1 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்துக்கு 7 கிராம் போதும். 1 முதல் 2 மீட்டர் வரை 10 கிராம் ஏற்றது. அதற்கு மேற்பட்ட ஆழத்துக்கும், எதிர்க் காற்றில் வீசுவதற்கும் 14 கிராம் தேவைப்படும். கனமான இரை தொலைவில் போய் விழும் என்பதற்காகவே அதை வாங்க வேண்டாம். குட்டையின் அகலமே சில வீச்சுகளுக்குள் அடங்கிவிடும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் விதி எளிது. தெளிந்த நீருக்கு வெள்ளி நிறத் தகடும் வெண்மை அல்லது மங்கலான நிறக் குஞ்சமும். கலங்கல் நீருக்குப் பொன் அல்லது செம்பு நிறத் தகடும் பளிச்சென்ற மஞ்சள்-பச்சைக் குஞ்சமும். அந்தி இருளுக்குக் கறுப்புக் குஞ்சம். கீழிருந்து வானத்தை நோக்கும் மீனுக்கு மங்கிய ஒளியில் கறுப்பு உருவமே தெளிவாகத் தெரியும்.

வாங்கும்போது மேலும் கவனிக்க வேண்டியவை

தகட்டைச் சுழலியில் தொங்கவிட்டு மெல்ல ஊதிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். சுழலி துருப்பிடித்திருந்தாலோ இறுகியிருந்தாலோ தகடு சுழலாது. சுழலாத தகடு வெறும் இரும்பே.

மேற்கரத்தின் முனை முள்ளுக்கு நேர் மேலே, அல்லது அதையொட்டி முடிய வேண்டும். மிகக் குட்டையாக இருந்தால் முள் செடியில் சிக்கும். மிக நீண்டிருந்தால் மீன் கவ்வும்போது கம்பி இடையூறு செய்யும்.

முன்புறமிருந்து பார்த்தால் மேற்கரமும் கீழ்க்கரமும் முள்ளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் இரை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். கையால் வளைத்து நேராக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு மீனைப் பிடித்த பிறகும் இதைச் சரிபார்த்தல் வேண்டும்.

கம்பியின் தடிமன் 0.9 முதல் 1 மி.மீ. வரை இருத்தல் நலம். மெல்லிய கம்பி அதிர்வை நன்கு கடத்தும். தடித்த கம்பி வளையாது. விராலின் வாய் கடினமான எலும்பால் ஆனது. எனவே முள் பருமனாகவும் மிகக் கூர்மையாகவும் இருக்க வேண்டும். நகத்தின் மேல் முள் நுனியை மெல்ல இழுத்தால் அது வழுக்காமல் பதிய வேண்டும். வழுக்கினால் அரம் கொண்டு கூராக்க வேண்டும்.

கழியும் நரம்பும்

சுமார் 2 மீட்டர் நீளமும் நடுத்தர விறைப்பும் உள்ள கழியும், அதற்குப் பொருந்தும் ரீலும் போதுமானவை. நைலான் நரம்பாயின் 0.40 மி.மீ. தடிமன் இருக்கட்டும். செடி மிகுந்த குட்டைக்குப் பின்னல் நரம்பு மேலானது. அது நீளாது, ஆதலால் தகட்டின் அதிர்வு கைக்குத் தெளிவாகத் தெரியும். விராலுக்குக் கூர்மையான பற்கள் உண்டு. எனினும் இவ்விரையில் நரம்பு கட்டும் வளைவு முள்ளிலிருந்து தள்ளியிருப்பதால் பல் பட்டு நரம்பு அறுவது குறைவு. நரம்பை வளைவில் நேரடியாக முடிச்சிட வேண்டும். கொக்கி மாட்டினால் அது கம்பியின் மீது நழுவி இரையின் நிலையைக் கெடுத்துவிடும்.

ரீல் வாங்க வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. 3 முதல் 4 மீட்டர் நீளமுள்ள மூங்கில் கழியின் நுனியில் ஏறக்குறைய அதே நீளத்துக்கு நரம்பைக் கட்டி, கரையோரமாக நடந்தபடியே இரையை ஒரே சீராக இழுத்துச் செல்லலாம். விரால் பெரும்பாலும் கரையோரத்திலேயே தங்குவதால் சிறு குட்டைக்கு இம்முறையே போதுமானது.

வீசும் இடமும் காலமும்

அதிகாலையும் மாலை வெயில் தாழ்ந்த நேரமும் ஏற்றவை. நண்பகலில் நிழல் விழும் இடங்களில் மட்டும் முயலலாம். வாய்க்கால் வந்து விழும் இடம், கரையோரப் புல் நீரில் சாய்ந்திருக்கும் இடம், மோட்டார்க் குழாயின் அடி, மரக்கிளை விழுந்து கிடக்கும் இடம் ஆகியவற்றை முதலில் பார்க்கவும். பத்து நிமிடம் அசையாமல் அமர்ந்து நீர்மட்டத்தைக் கவனித்தால், விரால் காற்றுக்காக மேலெழும்பும் இடம் தெரிந்துவிடும். "பொளக்" என்ற ஓசையும் வட்ட அலையும் எழும். அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளவும்.

கரையில் தடதடவென நடக்கக் கூடாது. மண்ணின் அதிர்ச்சி நீருக்குள் செல்லும். நம் நிழலும் நீரில் விழக் கூடாது.

இழுக்கும் முறைகள்

விரால் இருக்கும் இடத்தின் மீதே இரையை எறிந்தால் அது மிரண்டு ஓடும். அதைத் தாண்டி 1 முதல் 2 மீட்டர் தொலைவில் விழுமாறு வீசி, அதன் வழியாக இழுத்து வர வேண்டும். கரைக்குச் செங்குத்தாக நடுக் குட்டையை நோக்கி வீசுவதைக் காட்டிலும், கரைக்கு இணையாக வீசுவது மேல். இரை நெடுந்தூரம் விராலின் வாசலிலேயே ஓடும்.

மூன்று விதமாக இழுக்கலாம். முதலாவது, இரை நீரைத் தொட்டவுடனேயே இழுக்கத் தொடங்கி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே ஒரே சீராகக் கொண்டு வருதல். கலங்கல் குட்டைக்கு இதுவே தலையாய முறை. இரண்டாவது, இரையைத் தாழவிட்டு, தகடு சுழல்வது கையில் தெரியும் அளவுக்கு மட்டும் மிக மெதுவாக அடியையொட்டி இழுத்தல். குளிர்ந்த காலை நேரத்துக்கும் ஆழமான இடத்துக்கும் இது ஏற்றது. மூன்றாவது, செடி ஓரத்துக்கு வந்ததும் இழுப்பதை நிறுத்தி இரையை விழவிடுதல். விழும்போதும் தகடு சுழலும். அடிபட்ட சிறு மீன் மூழ்குவதுபோல் தோன்றும். விரால் பல வேளைகளில் இந்தக் கணத்திலேயே பாயும்.

எம்முறையாயினும் தகட்டின் "துடுக், துடுக்" என்ற துடிப்பு கையில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். துடிப்பு திடீரென நின்றால் தகட்டில் பாசி சுற்றியிருக்கும்; அல்லது மீன் கவ்வியிருக்கும். இரண்டில் எதுவென யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே கழியை வலுவாகச் சுண்ட வேண்டும். உயிர்த் தவளை கோத்த தூண்டிலில் மீன் விழுங்கும்வரை பொறுத்திருப்பது வழக்கம். இங்கு அப்பொறுமை கூடாது. உலோகம் என்று தெரிந்ததும் விரால் உமிழ்ந்துவிடும்.

ஓரிடத்தில் ஐந்தாறு முறை வீசியும் பயனில்லை எனில் அடுத்த இடத்துக்குச் செல்லவும். ஒரே நாளில் குட்டை முழுவதையும் அடித்து மிரட்டுவதைவிட, வாரத்துக்கு இரண்டு மாலைகள் ஒரு மணி நேரம் செலவிடுவது பலன் தரும்.

பிடித்த பின்பு

விரால் வழுக்கும், கையில் நிற்காது. ஈரச் சாக்கினால் பற்றி, குறடு கொண்டு முள்ளை அகற்ற வேண்டும். வெறுங்கையை வாய்க்குள் விடலாகாது. முள்ளின் பின்செதிலைக் குறடால் நசுக்கி மழுக்கிவிட்டால், மீனிடமிருந்தும், தவறிக் குத்தினால் நம் விரலிலிருந்தும் முள்ளை எளிதில் எடுக்கலாம்.

பிடித்த விரால் வீணன்று. உயிருள்ள விராலுக்குச் சந்தையில் கெண்டையைவிட நல்ல விலை உண்டு. உடல் ஈரம் காயாமல் சிறிது நீருள்ள பாத்திரத்தில் வைத்து, மேலே வலை கட்டி மூடினால் சந்தை வரை உயிருடன் கொண்டு செல்லலாம். மூடாவிட்டால் குதித்துவிடும். கெண்டைக் குஞ்சு வாங்கிய செலவில் ஒரு பகுதி இவ்வாறு திரும்பக் கிடைக்கும்.

இரையை நாமே செய்தல்

சுழலியும் முள்ளும் கடையில் வாங்கிக்கொண்டால் மற்றவற்றை வீட்டிலேயே செய்யலாம். 1 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை 18 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, நடுவில் வளைத்துச் சிறு வளையம் இடவும். கீழ்க்கரத்தின் முனையை முள்ளின் காதில் நுழைத்து, முள் அசையாதவாறு முறுக்கி இறுக்கவும். அதன் மீது பிளவுள்ள ஈயக் குண்டை வைத்துக் குறடால் நசுக்கவும். பழைய எவர்சில்வர் அல்லது பித்தளைக் கரண்டியின் தலையை 2 முதல் 3 செ.மீ. வட்டமாக வெட்டி, ஓரத்தை அரத்தால் மழுக்கி, துளையிட்டுச் சுழலியில் மாட்டவும். பழைய சைக்கிள் டியூபை மெல்லிய இழைகளாகக் கீறி, நூலால் ஈயத் தலைக்குப் பின்னே கட்டினால் கறுப்புக் குஞ்சம் தயார். ஈயத்தைக் கையாண்ட பின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஈயத் துண்டுகளைக் குட்டையிலோ வயலிலோ எறியக் கூடாது.

எச்சரிக்கைகள்

பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையில் இந்தத் தூண்டிலைப் பயன்படுத்த வேண்டாம். முள் பட்டுத் தாள் கிழிந்தால் ஒரு விராலைப் பிடிக்கப் போய்க் குட்டை நீர் முழுவதையும் இழக்க நேரிடும்.

கழியை ஓங்குவதற்கு முன் தலைக்கு மேல் பார்க்கவும். கார்பன் இழையால் ஆன கழி மின்சாரத்தைக் கடத்தும். ஈர மூங்கிலும் அவ்வாறே. மோட்டாருக்குச் செல்லும் மின்கம்பியின் கீழே நின்று வீசுவது உயிருக்கு ஆபத்து.

அறுந்த நரம்பையும் முள்ளையும் கரையில் விட்டுவிடாதீர்கள். மேயும் ஆடு மாடுகளின் வாயிலும், பறவைகளின் காலிலும், குழந்தைகளின் பாதத்திலும் அவை தைக்கும். குட்டைக் கரை வழுக்கும். சிறுவர்களைத் தனியே அனுப்ப வேண்டாம்.

ஊர் ஏரி, குளங்களில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கலாம். உரியவரிடம் அனுமதி பெறாமல் அங்கே தூண்டில் போடக் கூடாது. மழைக் காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைத் தாய் தந்தை விரால்கள் இரண்டும் காத்து நிற்கும். ஏரி குளங்களில் அவ்வாறு காவல் நிற்கும் விராலைப் பிடிக்க வேண்டாம். பெற்றோர் போய்விட்டால் குஞ்சுகள் அனைத்தும் பிற மீன்களுக்கு இரையாகும். விரால் எல்லா இடத்திலும் பகையன்று. அளவுக்கு மீறிப் பெருகும் ஜிலேபிக் கெண்டையைக் கட்டுப்படுத்த அதைக் குட்டையில் விடுவதும் உண்டு. நம் கெண்டைக் குஞ்சுகளோடு சேர்ந்து இருப்பதுதான் கூடாது.

முடிவாக

தூண்டிலால் விரால் அனைத்தையும் ஒழித்துவிட இயலாது. பெரியவை பிடிபடும், விரல் அளவுள்ளவை தப்பும். ஆயினும் மிகுதியாகத் தின்பவை பெரியவையே. அவற்றை முதல் இரண்டு மாதங்களுக்குள், கெண்டைக் குஞ்சுகள் இன்னும் சிறியனவாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் இழப்பில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம். கெண்டைகள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால் நடுத்தர விராலால் அவற்றை விழுங்க முடியாது.

எனவே, குஞ்சு விடுவதற்கு முன் குட்டையைக் காயவிடுங்கள். வாய்க்காலின் வாயில் நெருங்கிய கண்ணுள்ள வலை கட்டுங்கள். கரையைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு வலைத் தடுப்பு அமையுங்கள். இவற்றையும் மீறி உள்ளே வந்துவிட்ட விராலுக்கு, நீரின் நிறத்தைப் பார்த்துத் தகட்டையும், ஆழத்தைப் பார்த்து எடையையும் தேர்ந்தெடுத்து, கரையோரமாக மெதுவாக இழுங்கள். குஞ்சு விடும் ஒவ்வொருவரும் குஞ்சு வாங்கும் நாளிலேயே ஒரு வட்டத் தகட்டு இரையையும் வாங்கி வைத்துக்கொள்ளுதல் நன்று.